பழைய தொகுப்பும் புதிய வரவும்: சீ. இரா. அரங்கநாதனின் வாழ்வும் நூலடுக்கு நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

நூலகத்திற்குப் புதிதாக வரும் நூல்களை முன்பே அடுக்கப்பெற்ற பழைய தொகுப்போடு எவ்வாறு இணைப்பது என்பது நூலகவியலின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) தம் பணிக்காலம் முழுவதும் இச்சிக்கலை எதிர்கொண்டவர். அவர் வாழ்வின் நிகழ்வுகளோடு இயைத்து, அவர் கண்ட தீர்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது. நாமக்கல் கவிஞரின் நூல்களும் தொல்காப்பிய உரைகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பயன்பாட்டை அளவுகோலாகக் கொண்ட அவரது மறுபகுப்பு நெறி பழந்தமிழ்ப் பதிப்புகளைப் பொறுத்தவரை ஒரு துணைநெறியை வேண்டி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: அரங்கநாதன், கோலன் பகுப்பு, மறுபகுப்பு, சவ்வூடு பரவல் முறை, அழைப்பெண், நாமக்கல் கவிஞர், தமிழ்ப் பதிப்புகள்.

முன்னுரை

தமிழாய்வு பெரிதும் பழம்பதிப்புகளைச் சார்ந்தது. ஒரு நூலின் முதற்பதிப்பு, அதன் மறுபதிப்புகள், உரைகள், அவ்வுரைகள் பற்றிய ஆய்வுகள் ஆகியன ஒருங்கே கிடைக்கும்போதுதான் ஆய்வு முழுமை பெறும். நூலகம் ஓர் ஊரில் ஒரே நாளில் உருவாவதில்லை. ஐம்பதாண்டுக்கு முன் வந்த நூல் ஒரு முறையிலும், சென்ற ஆண்டு வந்த நூல் வேறொரு முறையிலும் அடுக்கப்பெற்றிருப்பின், ஒரே பொருள் பற்றிய நூல்கள் இரண்டிடங்களில் பிரிந்து நிற்கும். ஆய்வாளர் ஓரிடத்தைக் கண்டு மற்றோரிடத்தைக் காணாது போவர். அவ்வாறு காணாது விட்ட நூல் ஆய்வில் இல்லாத நூலாகவே ஆகிவிடும். ஆகவே நூலடுக்கு என்பது ஆய்வின் முடிவுகளையும் பாதிக்கும் செயலாகும். இதனை முதன்முதலில் ஓர் அறிவியலாக வகுத்துரைத்த தமிழர் அரங்கநாதன் ஆவார்.

இளமையும் கணிதப் பயிற்சியும்

அரங்கநாதன் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியைச் சேர்ந்தவர். தந்தையார் இராமாமிர்தம், தாயார் சீதாலட்சுமி. அவர் பிறந்த நாளாக 1892 ஆகஸ்டு 12 பதிவுகளில் காணப்படுகிறது. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், சீர்காழியில் பள்ளிக்கல்வி முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கணிதத்தில் இளங்கலைப் பட்டமும் 1916இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்கு ஆசிரியராக மட்டுமன்றி வாழ்நாள் வழிகாட்டியாகவும் விளங்கினார். ஆசிரியப் பயிற்சிக்குப் பின் 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார்.

கணிதப் பயிற்சி அவரது பிற்காலச் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று. எல்லையற்று வளரும் ஒரு வரிசையில், முன்பே உள்ள உறுப்புகளை இடம்பெயர்க்காமல் புதிய உறுப்பை எவ்விடத்தும் நுழைக்க முடியுமா என்பது கணித வினா. நூலகத்திலும் எழுவது அதே வினாவே என்பதை அவர் பின்னர் உணர்ந்தார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம்

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு முதல் நூலகரை அமர்த்த முடிவு செய்தபோது, நூலகப் பயிற்சி ஏதுமற்ற அரங்கநாதன் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1924 சனவரியில் பொறுப்பேற்றார். பல்கலைக்கழக நூலகம் அந்நாளில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இயங்கி வந்தது. வகுப்பறையின் உயிர்ப்பான சூழலுக்குப் பழகிய அவருக்கு நூலகத்தின் தனிமை ஒவ்வவில்லை. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்ற பின்னும் அவ்விருப்பம் நீடிக்குமாயின் திரும்பலாம் என்ற உடன்பாட்டின் பேரிலேயே அவர் அப்பதவியில் தொடர்ந்தார். அவ்வாண்டிலேயே இலண்டனுக்குப் புறப்பட்டார்.

இலண்டனில் கண்ட குறை

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்சு என்பாரிடம் அரங்கநாதன் பகுப்பியல் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் கண்டார். ஒவ்வொரு நூலகமும் தனக்கெனத் தனி வழக்கங்களைக் கொண்டிருந்ததையும், அவ்வழக்கங்களுக்குப் பொதுவான கோட்பாட்டு அடிப்படை இல்லாமையையும் அவர் கண்டார்.

அக்காலத்தில் பரவலாக வழங்கியது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையாகும். அதற்கு முன்னர்ப் பல நூலகங்களில் நிலையிட முறையே வழங்கியது. நிலையிட முறையில் ஒரு நூலின் எண் அது நிற்கும் அலமாரியையும் தட்டையும் குறிக்கும்; தட்டு நிறைந்துவிட்டால் புதிய நூல் வேறிடம் செல்லும். டூயியின் முறையில் எண் நூலின் பொருளைக் குறிப்பதால், நூல்கள் இடம் நகர்ந்தாலும் அவற்றின் வரிசை மாறாது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் அம்முறை முன்கூட்டியே அடுக்கி எழுதப்பெற்ற எண்களின் பட்டியலாக இருந்தது. பட்டியலில் இல்லாத புதிய பொருள் தோன்றினால் அதற்குரிய இடம் கிடைப்பது அரிதாயிற்று. மேலும் ஆங்கில இலக்கியத்திற்கு ஒரு முழுப் பிரிவை ஒதுக்கிய அம்முறை, தமிழ் இலக்கியத்தை 894.811 என்னும் நீண்ட எண்ணின் கீழ் ஒரு மூலையில் அடக்கியது.

இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டது அரங்கநாதனின் சிந்தனைக்குத் திருப்பமாயிற்று. சில பட்டைகளும் திருகாணிகளும் கொண்டு வெவ்வேறு பொம்மைகளை அமைக்க முடிந்ததைக் கண்ட அவர், நூலின் பொருளையும் அவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்து எண்ணாக்கலாம் எனக் கருதினார். கூறுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைக் கொண்டார். கோலன் பகுப்பு எனப் பெயர் வந்தது இதனாலேயாம். 1925இல் தாயகம் திரும்பிய கப்பலிலேயே அங்கிருந்த நூல்களை இம்முறையில் பகுத்துப் பார்த்தார் என்பர். கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அதன்பின் எழவில்லை.

இடையில் நுழைய இடம்

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதில் அரங்கநாதன் முன்நின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஐந்தாவது விதி நூலகத்தை ஓயாது வளரும் உயிரியாகக் கொள்கிறது. முதல் நான்கு விதிகளும் நூலுக்கும் படிப்போர்க்கும் உள்ள உறவைக் கூற, ஐந்தாவது மட்டும் காலத்தைப் பற்றிப் பேசுகிறது. வளரும் உயிரியில் புதிய திசுக்கள் பழையவற்றின் அருகே ஒட்டவைக்கப்படுவதில்லை. அவற்றின் ஊடே தோன்றுகின்றன. நூல்வரவும் அவ்வாறே அமைதல் வேண்டும் என்பது இவ்விதியின் உட்பொருள்.

1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இவ்விதிக்குச் செயல்வடிவம் தந்தது. அடுத்த ஆண்டு நூற்பட்டியாக்க விதிகளும் 1937இல் பகுப்பியலின் கோட்பாட்டு நூலும் வெளிவந்தன. அவரது முறையில் ஒரு நூலின் அழைப்பெண் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது பொருளைக் குறிக்கும் பகுப்பெண். இரண்டாவது, ஒரே பகுப்பெண் கொண்ட நூல்களைத் தம்முள் வேறுபடுத்தும் நூலெண். மூன்றாவது, நூல் எந்தத் தனித்தொகுப்பில் வைக்கப்பெற்றுள்ளது என்பதைக் காட்டும் தொகுப்பெண். நூலெண்ணில் பதிப்பாண்டுக்கு முதன்மை அளித்ததால், ஒரே பொருள் பற்றிய நூல்கள் பழையது முதல் புதியது வரை இயல்பாக வரிசைப்படும். தட்டின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் செல்லும் ஆய்வாளர் அப்பொருளின் வளர்ச்சி வரலாற்றையே கண்டு செல்வார்.

இலக்கியப் பகுப்பு இன்னும் நுட்பமானது. மொழி, இலக்கிய வடிவம், ஆசிரியர், படைப்பு என்னும் நான்கு கூறுகள் அடுத்தடுத்து இணைகின்றன. தமிழுக்குரிய மொழியெண் 31. வடிவங்களுள் கவிதைக்கு 1, நாடகத்திற்கு 2, புனைகதைக்கு 3 என எண்கள் உள்ளன. ஆசிரியரைக் குறிக்க அவர் பெயரின் முதலெழுத்தைக் கொள்ளாமல் பிறந்த ஆண்டைக் கொண்டார் அரங்கநாதன். நூலகம் தனக்கு முதன்மையான மொழிக்கு மொழியெண்ணை விடுத்துச் சிறு கோட்டைப் பயன்படுத்தவும் இடமளித்தார். டூயி முறையில் மூலையில் நின்ற தமிழ், தமிழ் நூலகத்தில் தலைமை இடம் பெற இவ்வசதி வழிகோலியது.

நாமக்கல் கவிஞரின் நூல்கள்: ஒரு சான்று

இந்நெறியின் செயற்பாட்டைச் சேலம், நாமக்கல் பகுதிக்குரிய ஒரு சான்றால் விளக்கலாம். மோகனூரில் 1888இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. நாமக்கல்லில் உள்ள அவரது இல்லம் இன்று நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. ஒரு நூலகத்தில் முன்பே 1876இல் பிறந்த கவிமணியின் கவிதைகளும், 1882இல் பிறந்த பாரதியின் கவிதைகளும், 1891இல் பிறந்த பாரதிதாசனின் கவிதைகளும் அடுக்கப்பெற்றுள்ளன எனக் கொள்வோம். பின்னர் ஒருநாள் நாமக்கல் கவிஞரின் கவிதைத் தொகுப்பு வரவாகிறது. கோலன் முறையில் அது பாரதிக்கும் பாரதிதாசனுக்கும் இடையில் தானே சென்று அமரும். முன்பு அடுக்கிய எந்நூலின் எண்ணும் மாறுவதில்லை. வரவுப் பதிவேட்டு எண்ணை மட்டும் கொண்டு அடுக்கியிருப்பின், அத்தொகுப்பு வரிசையின் கடைசியில், அன்று வந்த வேறு நூல்களோடு நின்றிருக்கும்.

அதே வேளையில் கவிஞரின் நூல்கள் அனைத்தும் ஓரிடத்தில் நில்லா. அவருடைய கவிதைகள் கவிதை வரிசையிலும், மலைக்கள்ளன் என்னும் புதினம் புனைகதை வரிசையிலும் அமையும். திருக்குறள் பற்றிய அவரது எழுத்து குறளோடும், கம்பன் பற்றியது கம்பனோடும் சேரும். ஓர் ஆசிரியரின் நூல்களை ஒருங்கே காண விழைவார்க்கு இது குறையாகத் தோன்றலாம். அக்குறையை நிறைவு செய்வது நூற்பட்டி. அடுக்கு ஒரே வரிசையைத்தான் காட்ட வல்லது. நூற்பட்டியோ பல வரிசைகளைக் காட்டும். அடுக்கையும் பட்டியையும் ஒன்றுக்கொன்று துணையாக அரங்கநாதன் கருதியமைக்கு இதுவே காரணம்.

வாழ்க்கை வரலாற்று நூல்களும் பொருளைச் சார்ந்தே அமைந்தன. 1967இல் அரங்கநாதனே கணிதமேதை இராமானுசனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வழிபட்ட குடும்பத்தைச் சார்ந்தவர் இராமானுசன். அவரது முறைப்படி அந்நூல் பொது வாழ்க்கை வரலாறுகளோடு சேராமல், கணிதத்திற்குரிய எழுத்தும், வரலாற்றுக் குறியீடும், இராமானுசன் பிறந்த 1887ஆம் ஆண்டும் இணைந்த எண்ணைப் பெற்றுக் கணித நூல்களோடு நிற்கும்.

மூலமும் உரையும்

செவ்வியல் நூல்களுக்கென அரங்கநாதன் தனி உத்தி ஒன்றை வகுத்தார். மூலத்தின் பதிப்புகள், அதன் உரைகள், உரைகளுக்கு எழுந்த உரைகள் ஆகியன அடுத்தடுத்து நிற்குமாறு எண் அமைப்பதே அவ்வுத்தி. மூலமும் உரையும் விளக்கமும் அடுக்கடுக்காக வளரும் இந்திய நூன்மரபை உணர்ந்த ஒருவரே இதனைக் கண்டிருக்க முடியும்.

தமிழ்க் கல்விக்கு இது மிகவும் பொருந்துவது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடனார் ஆகியோர் உரைகள் உள்ளன. சி. வை. தாமோதரம் பிள்ளை 1868இல் வெளியிட்ட சேனாவரையர் உரைப் பதிப்பும், இன்று வெளியாகும் அதன் மறுபதிப்பும் ஓரிடத்தில் அடுத்தடுத்து நின்றால், பாடவேறுபாட்டை ஒப்பிடும் ஆய்வாளர்க்கு வேறு உதவி வேண்டுவதில்லை. அவை நூற்றாண்டு இடைவெளியோடு இரு தொகுப்புகளில் பிரிந்து நிற்பின், புதிய பதிப்பை மட்டும் கண்டு ஆய்வு முடிந்துவிட வாய்ப்புண்டு.

சவ்வூடு பரவல் முறை

இதுவரை கூறியன புதிய நூலகத்திற்கு எளிது. வேறொரு முறையில் பல்லாயிரம் நூல்கள் முன்பே அடுக்கப்பெற்ற நூலகம் என் செய்வது? மூன்று வழிகள் உள. முதலாவது, பழைய முறையையே தொடர்வது. இதனால் பழைய குறைகளும் நூலோடு நூலாக வளரும். இரண்டாவது, நூலகத்தை மூடி அனைத்தையும் ஒருசேர மறுபகுப்புச் செய்வது. இதற்குப் பணமும் ஆளும் மிகுதியாக வேண்டும், படிப்போர் பல மாதங்கள் நூலின்றித் தவிப்பர். மூன்றாவது வழியை அரங்கநாதன் காட்டினார். உயிரியலிலிருந்து பெயர் பெற்று அதனைச் சவ்வூடு பரவல் முறை என்றார்.

இம்முறையில் ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாள் முதல் வரும் புதிய நூல்கள் அனைத்தும் புதிய முறையில் பகுக்கப்பட்டுத் தனி வரிசையாக அடுக்கப்படும். அவற்றிற்குத் தனி நூற்பட்டியும் தொடங்கப்படும். பழைய தொகுப்பு அவ்வாறே இருக்கும். பழைய நூல் ஒன்றை ஒருவர் பெற்றுத் திருப்பித் தரும்போது அது பழைய இடத்திற்குச் செல்லாது. புதிய எண் பெற்றுப் புதிய வரிசையில் சேரும். அதன் பட்டியட்டையும் இடம் மாறும். மாற்றம் நடைபெறும் காலத்தில் இரு வரிசைகளையும் இரு பட்டிகளையும் காண வேண்டும் எனப் படிப்போர்க்கு அறிவிக்கப்படும். சில ஆண்டுகளில் பயன்பாட்டில் உள்ள நூல்கள் அனைத்தும் தாமே புதிய தொகுப்பிற்குள் பரவிவிடும். எஞ்சி நிற்பவை நெடுங்காலம் எவரும் நாடாதவை. அவற்றை என்செய்வது என்பதை நூலகம் பின்னர் ஓய்வாக முடிவு செய்யலாம்.

எந்நூல் முதலில் மறுபகுப்புப் பெற வேண்டும் என்பதை நூலகர் தீர்மானிக்காமல் படிப்போரே தீர்மானிப்பது இம்முறையின் சிறப்பு. நூல் பயன்பாட்டிற்கே உரியது என்னும் அவரது முதல் விதியும் வளர்ச்சி பற்றிய ஐந்தாவது விதியும் இங்கு ஒன்றிணைகின்றன.

காசி, தில்லி, பெங்களூரு

1936இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையை நோக்கிய தன் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. இருபதாண்டுக்கால உழைப்பிற்குப் பின் அரங்கநாதன் அங்கிருந்து விலகி, சருவபள்ளி இராதாகிருட்டிணன் அழைப்பின் பேரில் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களை மறுபகுப்புச் செய்யும் பணியைப் பெரும்பாலும் தனியொருவராகவே நிறைவேற்றினார் என அவர்தம் வரலாறுகள் கூறுகின்றன. படிப்படியான மாற்றத்தை நெறியாக வகுத்தவரே முழு மாற்றத்தைத் தம் தோளில் சுமந்தார் என்பது எண்ணத்தக்கது. நெறி என்பது நூலகத்தின் நிலைக்கேற்ப அமைவது என்பதை இது உணர்த்துகிறது.

1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ச் சூரிச், உச்சயினி ஆகிய இடங்களிலும் பணியாற்றினார். 1957இல் பத்மசிறீ விருது பெற்றார். 1962இல் பெங்களூருவில் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியப் பதவிக்காக வழங்கினார். அது அவர் துணைவியார் சாரதாவின் பெயரையும் தாங்கியது. 1972 செப்டம்பர் 27இல் பெங்களூருவில் மறைந்தார். நாமக்கல் கவிஞர் அதற்கு முந்தைய மாதத்தில்தான் மறைந்திருந்தார்.

பொது நூலகச் சட்டமும் சேலம் மாவட்டமும்

பல்கலைக்கழக நூலகத்தோடு அரங்கநாதன் நின்றுவிடவில்லை. 1930இல் காசியில் நடந்த அனைத்தாசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் காலத்தில் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் அவரது நெடுநாள் முயற்சியின் பயன். அச்சட்டம் சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தலத்துறை நூலக ஆணைக்குழுவை வகுத்து, சொத்துவரியோடு நூலகவரி தண்டவும் வழிசெய்தது.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கியது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின. நிருவாக எல்லைகள் இவ்வாறு மாறும்போது, ஒரே மாவட்டமாக இருந்த காலத்து நூலகங்கள் வெவ்வேறு ஆணைக்குழுக்களின் கீழ் வருகின்றன. நூலின் எண் இடத்தைச் சார்ந்ததாக இருப்பின் இத்தகைய மாற்றங்களில் ஒழுங்கு குலையும். பொருளைச் சார்ந்ததாக இருப்பின் நூல் எந்த ஊருக்குச் சென்றாலும் அதன் எண் மாறுவதில்லை. இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஆத்தூரிலும் ஒரே நூல் ஒரே எண்ணோடு நிற்கக்கூடும். அரங்கநாதனின் சட்டப்பணியும் பகுப்புப்பணியும் இவ்விடத்தில் ஒன்றை ஒன்று தாங்குகின்றன.

நெறியின் எல்லைகள்

அரங்கநாதனின் நெறிக்கு எல்லைகளும் உண்டு. முதலாவது, கோலன் முறையே பலமுறை மாறியது. 1933 முதல் 1960 வரை ஆறு பதிப்புகள் வெளிவந்தன. ஏழாம் பதிப்பு அவர் மறைவிற்குப் பின் 1987இல் வந்தது. பதிப்புதோறும் எண்கள் மாறியதால், அம்முறையைப் பின்பற்றிய நூலகங்களுக்கே பழைய தொகுப்பு, புதிய வரவு என்னும் சிக்கல் மீண்டும் எழுந்தது. பல நூலகங்கள் ஆறாம் பதிப்போடு நின்றுவிட்டன.

இரண்டாவது, பிறந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்வது பழந்தமிழ்ப் புலவர்க்கு எளிதிற் பொருந்தாது. சங்கப் புலவர்களின் பிறப்பாண்டு அறியப்படாதது. கம்பரின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பது நெடுங்கால விவாதம். கால ஆராய்ச்சியின் முடிவை அடுக்கெண்ணில் பதித்துவிட்டால், முடிவு மாறும்போது எண்ணும் மாற வேண்டும். அல்லது பழைய கருத்து அலமாரியில் உறைந்து நிற்கும்.

மூன்றாவது எல்லையே தமிழாய்வுக்கு மிக இன்றியமையாதது. சவ்வூடு பரவல் முறை நூலின் உயிரை அதன் பயன்பாட்டால் அளக்கிறது. பாடநூலுக்கும் பொது நூலுக்கும் இவ்வளவுகோல் சரியானதே. ஆனால் ஒரு சிற்றிலக்கியத்தின் முதற்பதிப்பு நாற்பதாண்டுகள் எவராலும் எடுக்கப்படாமல் இருந்து, நாற்பத்தொன்றாம் ஆண்டில் ஓர் ஆய்வின் திறவுகோலாக அமையலாம். எடுக்கப்படாத நூல் பழைய வரிசையில் பழைய பட்டியோடு எஞ்சுகிறது. நாளடைவில் பழைய பட்டி சிதைந்தாலோ கணினிப் பட்டியில் ஏற்றப்படாது விடுபட்டாலோ, நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். பின்னர்க் கழிவு நீக்கத்தின்போது முதலில் வெளியேறுவதும் அதுவே.

இக்குறைக்குரிய மருந்தும் அரங்கநாதனின் நெறியிலேயே உள்ளது. தொகுப்பெண் என்னும் மூன்றாம் பகுதி அதற்கு இடமளிக்கிறது. குறிப்பிட்ட ஆண்டிற்கு முற்பட்ட தமிழ்ப் பதிப்புகளையும் தனியார் கொடையாக வந்த தொகுப்புகளையும், எவரும் எடுக்கக் காத்திராமல் முதலிலேயே புதிய பகுப்பெண் அளித்துப் பட்டியில் ஏற்றி, தொகுப்பெண்ணால் தனியிடத்தில் பேணலாம். அப்போது நூல் நிற்கும் இடம் வேறாயினும், பொருள்வழித் தேடுவார்க்கு அது மற்ற நூல்களோடு ஒரே வரிசையில் புலப்படும். கொடையாளரின் தொகுப்பு கலையாமலும், நூல்கள் தனிமைப்படாமலும் இருக்கும். பழைய வரவெண்ணுக்கும் புதிய அழைப்பெண்ணுக்கும் ஓர் ஒப்புப்பட்டியல் பேணுவதும் வேண்டும். முந்தைய ஆய்வேடுகள் சுட்டும் பழைய எண்களைக் கொண்டு நூலைக் கண்டறிய அதுவே வழி.

முடிவுரை

கணித ஆசிரியராகத் தொடங்கிய அரங்கநாதன், வளரும் வரிசையில் புதியதற்கு இடமளிப்பது எப்படி என்னும் வினாவை நூலகத்தில் கண்டார். பொருள் சார்ந்த எண், பதிப்பாண்டு சார்ந்த வரிசை, மூலமும் உரையும் இணையும் உத்தி, படிப்போர் வழியே நிகழும் மறுபகுப்பு ஆகிய நான்கும் அவ்வினாவிற்கு அவர் தந்த விடைகள். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை முதல் மூன்றும் இன்றும் வலுவுடையன. நான்காவதை மட்டும் அவ்வாறே கொள்ளாமல், பழம்பதிப்புகளுக்கு முன்னுரிமை அளிக்கும் துணைநெறியோடு சேர்த்துக் கைக்கொள்ளுதல் வேண்டும். கணினிப் பட்டியாக்கம் நடைபெறும் இக்காலத்தில், மாவட்ட நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் எத்தொகுப்பை முதலில் ஏற்றுவது என முடிவு செய்யும் ஒவ்வொரு முறையும் இத்தேர்வைச் செய்கின்றன. அடிக்கடி எடுக்கப்படும் நூல் காத்திருந்தாலும் தேடுவார் உளர். எடுக்கப்படாத பழம்பதிப்பிற்குப் பட்டி ஒன்றே துணை.